யவனர் நாடும் கொற்கைத் துறையும்



ஞாயிறுதோறும் நிருப வாசிப்பின்போது பிலிப்பி, தெசலோனிக்கே, கொரிந்து என்னும் பெயர்களைக் கேட்கிறோம். கேட்டுக் கேட்டுப் பழகியதால் அவை நமக்கு வேத புத்தகத்தின் பகுதிப் பெயர்களாகவே ஆகிவிட்டன. அவை மண்ணும் மழையும் உள்ள ஊர்கள் என்பதும், அங்கே உழுதவர்களும் நெய்தவர்களும் சுமை தூக்கியவர்களும் வாழ்ந்தார்கள் என்பதும் நம் நினைவுக்கு வருவதில்லை. ஆகையால் இவ்வாரம் அந்த ஊர்களைத் தாங்கி நிற்கும் கிரேக்க தேசத்தின் நிலத்தையும் சரித்திரத்தையும் சற்று விரிவாகத் தியானிப்போம். அத்தேசத்துக்கும் நம் தூத்துக்குடிக் கடற்கரைக்கும் ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள தொடர்பு ஒன்று உண்டு என்பதையும் காண்போம்.

யாவானும் யவனரும்

கிரேக்கர் தங்கள் நாட்டை "எல்லாஸ்" என்றும் தங்களை "எல்லேனர்" என்றும் அழைத்தனர். "கிரேக்கர்" என்பது ரோமர் வழங்கிய பெயர். கீழ்த்திசையாரோ வேறொரு பெயரால் அவர்களை அறிந்தார்கள். இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் குடியேறியிருந்த கிரேக்கப் பிரிவினருக்கு அயோனியர் என்று பெயர். கிழக்கேயுள்ளவர்கள் முதலில் சந்தித்தது இவர்களையே. ஆகவே எபிரெயர் அவர்களை யாவான் என்றனர். பாரசீகர் யவுனா என்றனர். வடமொழியில் அது யவன என்றாயிற்று. தமிழில் யவனர் என்று வழங்கிற்று.

ஆதியாகமம் 10ஆம் அதிகாரத்தில் யாப்பேத்தின் குமாரரில் ஒருவனாக யாவான் குறிக்கப்பட்டிருக்கிறான். எசேக்கியேல் 27:13இல் தீரு பட்டணத்தோடு வாணிபம் செய்தவர்களுள் யாவானும் உண்டு. தானியேல் 8:21இல் நாம் கிரேக்கு என்று வாசிக்கும் இடத்திலும் எபிரெய மூலத்தில் இருப்பது யாவான் என்னும் சொல்லே. நமது வேதாகமத்தின் யாவானும் நம் சங்கப் புலவர்களின் யவனரும் ஒரே வேரில் பிறந்த சொற்கள் என்பது எத்தனை வியப்பு!

மலையும் கடலும்

கிரேக்க தேசத்தின் பரப்பு ஏறத்தாழ 1,32,000 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டின் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர் என்பதை எண்ணினால், அதன் அளவு நமக்கு எளிதில் விளங்கும். ஆனால் அங்கே இன்று வாழ்வோர் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். நாமோ 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படியே 7 கோடிக்கு மேற்பட்டவர்கள். அத்தனை பரப்பிருந்தும் மக்கள் குறைவாயிருப்பதற்கு அந்நிலத்தின் தன்மையும் ஒரு காரணம். நாட்டின் பெரும்பகுதி மலை. பிந்துஸ் மலைத்தொடர் வடக்கிலிருந்து தெற்காக முதுகெலும்புபோல் ஓடுகிறது. வடகிழக்கில் ஒலிம்பு மலை 2,917 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. மலைகளுக்கு இடையே சிறுசிறு சமவெளிகள். அவற்றைச் சுற்றிலும் கடல். கிழக்கே ஏகேயன் கடல், மேற்கே அயோனியக் கடல், தெற்கே மத்தியதரைக் கடல். தீவுகளும் திட்டுகளுமாக ஆயிரக்கணக்கில் உண்டு. மக்கள் குடியிருப்பவை இருநூற்றுச் சொச்சமே.

அங்கும் மழை குளிர்காலத்து மழைதான். கோடை முழுவதும் வானம் வறண்டு கிடக்கும். ஐப்பசி மழையை நம்பிக் கரிசலில் விதைக்கும் நமக்கு அந்த ஏக்கம் புதிதன்று. ஆனால் நம் கரிசல் மண் ஆழமுள்ளது; பெய்த ஈரத்தைப் பல வாரம் பிடித்து வைத்துப் பருத்தியையும் உளுந்தையும் காக்கிறது. அவர்களுடைய மலைச்சரிவின் மண்ணோ மெல்லியது. அத்தேனே பட்டணத்தைச் சுற்றியுள்ள அத்திகா நாட்டில் கோதுமையைவிட வாற்கோதுமையே நன்கு விளைந்தது. கற்பாங்கான சரிவுகளில் ஒலிவ மரமும் திராட்சைக் கொடியும் வேர்பிடித்தன. எண்ணெயும் மதுவும் மிகுந்தன, தானியம் போதவில்லை.

நிலம் கைவிட்டபோது கடல் அவர்களுக்கு வழியாயிற்று. கி.மு. 8ஆம் நூற்றாண்டு முதல் கிரேக்கர் சிசிலித் தீவிலும் தென் இத்தாலியிலும் கருங்கடற் கரையிலும் குடியேறினர். இன்றைய பிரான்சு நாட்டின் மார்செய் துறைமுகமும் அவ்விதம் அவர்கள் நாட்டிய ஊரே. பிற்காலத்து அத்தேனே கருங்கடற் பகுதியிலிருந்து தானியக் கப்பல்களை எதிர்நோக்கியே வாழ்ந்தது. வானம் பொய்த்த வருஷங்களில் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் பிழைப்புத் தேடிப் பிள்ளைகளை அனுப்பிய நம் வட்டாரத்தாருக்கு இந்தச் சரித்திரம் எளிதில் விளங்கும்.

பட்டணங்களும் பேரரசுகளும்

மலைகள் ஊர்களைப் பிரித்து வைத்தபடியால் கிரேக்கர் நெடுங்காலம் ஒரே அரசின்கீழ் வரவில்லை. பட்டணம்தோறும் தனி ஆட்சி, தனிச் சட்டம், தனிப் படை. ஆயினும் மொழியாலும் வழிபாட்டாலும் கி.மு. 776இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஒலிம்பியா விளையாட்டுகளாலும் தங்களை ஒரே இனமாக உணர்ந்தார்கள். பாரசீகப் பேரரசு படையெடுத்தபோது, கி.மு. 490இல் மாரத்தான் வெளியிலும் கி.மு. 480இல் சலாமிஸ் கடலிலும் அதை முறியடித்தார்கள். அதன்பின் அத்தேனேயின் பொற்காலம் வந்தது. கி.மு. 447இல் பார்த்தெனோன் கோயிலின் கட்டுமானம் தொடங்கியது. சோக்ரதேசும் பிளேட்டோவும் அந்நகரத்தில் போதித்தனர்.

ஆனால் வெற்றி தந்த கரங்களே ஒன்றையொன்று நெரித்தன. கி.மு. 431 முதல் 404 வரை அத்தேனேயும் ஸ்பார்த்தாவும் பொருது இருபுறமும் தேய்ந்தன. அந்தச் சோர்வில் வடக்கேயிருந்து மக்கெதோனியா எழும்பியது. அதன் அரசன் பிலிப்பு கி.மு. 356இல் தன் பெயரைச் சூட்டிய ஊரே பிலிப்பி. அவனுடைய மகன் அலெக்சாந்தர் கி.மு. 326இல் பஞ்சாபுவரை வந்து திரும்பினான். அவன் இறந்தபின் படைத்தலைவன் கசாந்தர் தன் மனைவியின் பெயரால் ஒரு பட்டணத்தை நிறுவினான். அவள் அலெக்சாந்தருடைய மாற்றாந்தாய் மகளான சகோதரி தெசலோனிக்கே. நாம் வாசிக்கும் இரண்டு நிருபங்கள் அப்பட்டணத்துச் சபைக்கு எழுதப்பட்டவை.

அலெக்சாந்தரின் பேரரசு அவனோடே உடைந்தது. அவன் பரப்பிய மொழி உடையவில்லை. எகிப்திலும் சீரியாவிலும் சிறிய ஆசியாவிலும் பொதுமக்கள் பேசிப் பழகிய எளிய கிரேக்கம் பரவிற்று. அதைப் பொதுமொழி என்னும் பொருளில் "கொய்னே" என்பர். கி.மு. 146இல் ரோமர் கொரிந்துவை அழித்தார்கள், கி.மு. 44இல் யூலியு சீசர் அதை மீண்டும் குடியேற்றினார். ஆட்சி ரோமருடையதாயிற்று, கிழக்கிலே கடைத்தெருவின் மொழியாகவும் கல்வியின் மொழியாகவும் கிரேக்கமே நிலைத்தது.

கொற்கைக்கு வந்த மரக்கலங்கள்

அந்தக் கடைத்தெரு மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறு நூல் நம் மாவட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் நடுவில், எகிப்தில் வாழ்ந்த பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் செங்கடல் முதல் இந்தியக் கரைவரையுள்ள துறைமுகங்களை வரிசையாக எழுதி வைத்தார். அந்நூல் பெரிப்ளூஸ் எனப்படும். முசிறியையும் குமரியையும் கூறியபின் அவர் "கொல்கோய்" என்னும் இடத்தைக் குறிக்கிறார். அங்கே முத்துக் குளிக்கிறார்கள். அது பாண்டியனுடைய நாடு என்கிறார். அடுத்த நூற்றாண்டில் தாலமி என்னும் புவியியல் அறிஞரும் கொல்கோயைக் குறித்து, அதை ஒட்டிய வளைகுடாவுக்கும் அவ்வூரின் பெயரையே சூட்டினார். நாம் மன்னார் வளைகுடா என்பது அதுவே.

அந்தக் கொல்கோய் நம் கொற்கை என்பதை எடுத்துரைத்தவர்களில் முக்கியமானவர் இடையன்குடியில் ஊழியம் செய்த பேராயர் கால்டுவெல் ஐயர். 1870களில் அவரே கொற்கையிலும் காயலிலும் தோண்டி ஆராய்ந்து எழுதினார். தாமிரபரணி கொண்டுவந்த வண்டலால் கடல் பின்வாங்கி, இன்று கொற்கை கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களின் நடுவே இருக்கிறது. ஏரல் பக்கம் செல்வோர் அதைக் காணலாம்.

யவன மரக்கலங்கள் ஆடி மாதத்தை ஒட்டி எகிப்திலிருந்து புறப்பட்டுத் தென்மேற்குக் காற்றில் அரபிக்கடலைக் கடந்தன. வடகிழக்குக் காற்று எழும்பியபின் திரும்பின. நம் கரிசலுக்கு மழை கொண்டுவரும் அதே வாடைக்காற்றுதான் அவர்களை வீடு சேர்த்தது. பொன்னோடு வந்த யவனக் கலங்கள் மிளகோடு மீண்டதை அகநானூறு 149ஆம் பாடல் கூறுகிறது. யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பருகுவதைப் புறநானூறு 56ஆம் பாடல் பேசுகிறது. பாசறையில் யவனக் காவலர் நின்றதை முல்லைப்பாட்டு காட்டுகிறது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் கோஸ் தீவின் வகையைச் சேர்ந்த மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்துள்ளன. அப்போஸ்தலர் 21:1இல் பவுலின் கப்பல் தொட்டுச் சென்ற கோஸ் தீவு அதுவே. மறுபுறம், எகிப்தின் செங்கடல் துறைகளான குசைரிலும் பெரெனிக்கேயிலும் தமிழ்ப் பெயர்கள் பொறித்த பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. நம்மவரும் அங்கே போயிருக்கிறார்கள்.

வணிகம் வளர்ந்தது, ஆனால் ஒருவரையொருவர் மதித்தார்களா? கிரேக்கர் தங்கள் மொழி பேசாத எவரையும் "பர்பர்" என்று உளறுகிறவர்களாக எண்ணி பர்பரர் என்றார்கள். நம் முன்னோரும் சளைக்கவில்லை. யவனர் கடுஞ்சொல் பேசுவோர் என்று பதிற்றுப்பத்தின் இரண்டாம் பதிகம் சொல்லி, சேர மன்னன் அவர்கள் தலையில் நெய்யூற்றிக் கையைப் பின்கட்டியதைப் பெருமையாகக் கூறுகிறது. தன் மொழியே மொழி, தன் குலமே குலம் என்னும் நோய் எந்தக் கரைக்கும் தனியுரிமை அன்று.

பெரிப்ளூஸ் இன்னொரு செய்தியையும் தருகிறது. கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்று அது குறிப்பிடுகிறது. ஒரே ஒரு குறிப்பு. அவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. ரோமாபுரிச் சீமாட்டியின் கழுத்தில் அசைந்த முத்துக்காக மூச்சடக்கி மூழ்கியவன் யார் என்று எவரும் கேட்கவில்லை. கிரேக்க நாட்டிலும் அப்படியே. சலாமிசில் வென்ற கப்பல்களைக் கட்டுவதற்குப் பணம் தந்தது லௌரியம் வெள்ளிச் சுரங்கம்; அதன் இருட்டில் குனிந்து வெட்டியவர்கள் அடிமைகள். வெளிப்படுத்தின விசேஷம் 18ஆம் அதிகாரத்தில் வணிகர் புலம்பும் சரக்குப் பட்டியலை வாசித்துப் பாருங்கள். பொன், வெள்ளி, இரத்தினம், முத்து என்று தொடங்கும் அப்பட்டியல் மனுஷருடைய ஆத்துமாக்களில் வந்து முடிகிறது. அலங்காரத்தின் அடியில் இருக்கும் மனிதனைத் தேவனுடைய வார்த்தை கணக்கில் எடுக்கிறது.

பவுல் நடந்த வழி

இந்தப் பின்னணியில் அப்போஸ்தலர் 16 முதல் 18 வரையுள்ள அதிகாரங்களை வாசிப்போம். அந்த வணிகர் தம் நூலை எழுதிய ஏறக்குறைய அதே தலைமுறையில், பவுல் துரோவாவில் கப்பலேறி, சாமோத்திராக்கே தீவின் வழியாய் நெயாப்போலியில் இறங்கினார். அங்கிருந்து ரோமர் போட்ட எக்னாத்தியா பெருவழியில் பிலிப்பிக்குச் சென்றார். அப்பட்டணத்தில் அவர் வார்த்தையை முதலில் ஏற்றுக்கொண்டதாக நாம் வாசிப்பது யாரைப் பற்றி? ஆற்றங்கரையில் ஜெபிக்கக் கூடிய ஸ்திரீகளில் ஒருத்தி, தியத்தீரா ஊராள், இரத்தாம்பரம் விற்கும் லீதியாள். அரசனின் பெயர் தாங்கிய பட்டணத்திலே துணி வியாபாரம் செய்த ஒரு பெண்ணின் வீடு சபையின் வீடாயிற்று.

பின்பு அம்பிபோலி, அப்பொலோனியா வழியாகத் தெசலோனிக்கே, அதன்பின் பெரோயா, அங்கிருந்து அத்தேனே. அத்தேனேயில் எப்பிக்கூரரும் ஸ்தோயிக்கரும் அவரைக் கேட்டார்கள். சிலர் நகைத்தார்கள், தியொனீசியு, தாமரி முதலான சிலர் விசுவாசித்தார்கள். ஞானத்துக்குப் பேர்போன அந்நகரத்தின் சபைக்கு எழுதிய நிருபம் எதுவும் நம் புதிய ஏற்பாட்டில் இல்லை.

கொரிந்துவோ வேறு வகை. ஏறக்குறைய 6 கிலோமீட்டர் அகலமுள்ள நிலப்பாலத்தின் அருகே, இருபுறமும் இரண்டு துறைமுகங்களோடு அது நின்றது. கிழக்குத் துறைமுகம் பெபேயாள் ஊழியம் செய்த கெங்கிரேயா. தென்முனையைச் சுற்றும் ஆபத்தான கடற்பயணத்தைத் தவிர்க்க, சிறு கப்பல்களையும் சரக்கையும் கற்பாதையில் இழுத்து மறுகடலில் சேர்த்தார்கள். பேரரசன் நீரோ அங்கே கால்வாய் வெட்டத் தொடங்கி முடிக்கவில்லை. அது நிறைவேறியது 1893இல். மாலுமிகளும் சுமைகாரரும் அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் கலந்து வாழ்ந்த அந்த உழைப்பாளர் பட்டணத்தில் பவுல் ஒன்றரை வருஷம் தங்கினார். தெல்பியில் கிடைத்த கல்வெட்டு கல்லியோனின் பதவிக்காலத்தை உறுதி செய்வதால், அது ஏறத்தாழ கி.பி. 50 முதல் 52 வரை என்று கூற முடிகிறது.

ஊசி பிடித்த அப்போஸ்தலன்

அந்த ஒன்றரை வருஷத்தில் அவர் எவ்வாறு பிழைத்தார்? ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்பவர்களோடு அமர்ந்து கூடாரம் பண்ணினார் (அப். 18:3). தோலையோ கெட்டித் துணியையோ அளந்து, வெட்டி, ஊசியால் தைக்கும் வேலை. எபேசுவில் அவர் சரீரத்திலிருந்து உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுபோனார்கள் என்று அப்போஸ்தலர் 19:12இல் வாசிக்கிறோமே, அவை வேலை நேரத்து வியர்வைத் துணியும் இடுப்பில் கட்டும் வேலைத் துணியுமே என்பது வேத அறிஞர் பலரின் கருத்து.

இது கிரேக்க உலகத்தில் எவ்வளவு பெரிய காரியம் என்பதைக் கவனியுங்கள். பவுல் தெசலோனிக்கேக்குச் சென்ற வழிக்குச் சற்று அப்பால் ஸ்டகிரா என்றோர் ஊர் இருந்தது. அரிஸ்டாட்டில் பிறந்த ஊர் அது. அந்த மகா அறிஞர் தமது அரசியல் நூலில், சிறந்த பட்டணம் கைத்தொழிலாளியைக் குடிமகனாக ஏற்காது என்று எழுதினார். கூலிக்கு உழைப்பவனுக்குச் சற்குணத்தைப் பயில வழியில்லை என்பது அவர் வாதம். அவரது அறிவின் ஆழத்தை இன்றும் உலகம் மதிக்கிறது. இறையியல் மாணவரும் அவரைக் கற்கிறோம். ஆனால் பார்த்தெனோனின் கல்லைச் செதுக்கியவனைப் பற்றி அந்த ஞானத்துக்குச் சொல்ல நல்ல வார்த்தை இல்லை. அதே நாட்டில் பவுல் தம் கைகளால் பாடுபட்டதை மறைக்காமல் நிருபங்களில் எழுதினார் (1 கொரி. 4:12, 1 தெச. 2:9). கொரிந்து சபையில் ஞானிகளும் வல்லவர்களும் பிரபுக்களும் அநேகர் இல்லை என்று அவர் நினைப்பூட்டியபோது (1 கொரி. 1:26), அதை அவர்களுடைய குறையாகக் கூறவில்லை, தேவன் தெரிந்துகொண்ட விதம் அது என்றே கூறினார்.

பிரியமானவர்களே, புதியம்புத்தூர் ஆயத்த ஆடைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். மானாவாரி நிலம் சோறு போடாத காலத்தில் தையல் மிஷின் சோறு போட்டது. துணி வெட்டுகிறவர், தைக்கிறவர், காஜா எடுக்கிறவர், பொத்தான் கட்டுகிறவர், வீட்டுத் திண்ணையில் பிசிறு வெட்டும் தாய்மார் என்று நம் சபையின் பாதிக் குடும்பங்கள் இந்தத் தொழிலால் வாழ்கின்றன. அப்படியிருந்தும், படிக்காவிட்டால் மிஷினில்தான் உட்கார வேண்டும் என்று பிள்ளைகளை நாம் பயமுறுத்துகிறோம். பிள்ளைகள் படிக்கட்டும்; மிக நன்றாகப் படிக்கட்டும். ஆனால் அந்த வாக்கியம் தகப்பனின் கைகளைப் பிள்ளையின் கண்ணில் தாழ்த்துகிறது. அது அரிஸ்டாட்டிலின் குரல், பவுலின் குரலன்று.

முதலாளிகளாயிருக்கும் சகோதரருக்கும் ஒரு வார்த்தை. கொற்கையில் மூழ்கியவனின் பெயரை உலகம் எழுதவில்லை. உங்கள் தையற்கூடத்தில் குனிந்திருப்பவரின் பெயரை நீங்கள் அறிவீர்களா? பண்டிகைக் கால அவசரத்தில் இரவெல்லாம் தைத்தவருக்கு உரிய கூலி உரிய நாளில் சேர்ந்ததா? பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு 5:4 எச்சரிக்கிறதை மறவாதிருப்போம்.

கடைத்தெரு மொழியில் வந்த வார்த்தை

முடிவாக ஒன்று. பெரிப்ளூஸ் எழுதிய வணிகரின் கிரேக்கமும் புதிய ஏற்பாட்டின் கிரேக்கமும் அந்தப் பொதுமொழியின் இரு கிளைகள். எகிப்தின் மணலில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டெடுக்கப்பட்ட பாப்பிரசு ஏடுகள், அதாவது கடன் சீட்டு, வரி ரசீது, தாய்க்கு மகன் எழுதிய கடிதம் ஆகியவை, சுவிசேஷத்தின் நடை சாதாரண மக்களின் நடையே என்பதை உலகுக்குக் காட்டின. பிளேட்டோவின் செம்மொழி நடையைத் தேடாமல், சந்தையில் முத்துக்கு விலை பேசிய மொழியில் தேவன் தம் வார்த்தையைத் தந்தார். ஆகவேதான் அது எந்த மொழிக்குள்ளும் போக முடிந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயர் கிரேக்க மூலத்திலிருந்து பெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி நிறைவுற்றது. இந்திய மொழிகளில் முதன்முதலாக அச்சேறிய புதிய ஏற்பாடு அதுவே. யவனர் மொழியில் எழுதப்பட்டது, முத்துக்குளித்துறையின் மொழியில் நம் கையில் இருக்கிறது.

கிரேக்க தேசம் அதற்குப் பின்னும் பல ஆட்சிகளைக் கண்டது. கொன்ஸ்தாந்திநோப்பிளைத் தலைநகராகக் கொண்ட பேரரசு 1453இல் வீழ்ந்தது, துருக்கியர் ஆண்டனர், 1821இல் விடுதலைப் போர் மூண்டு, 1830இல் தனிநாடாக அங்கீகாரம் பெற்றது. அரசுகள் மாறின. லீதியாள் வீட்டில் தொடங்கிய ஆராதனை அம்மண்ணில் ஓயவில்லை. இன்றும் அங்குள்ள சபைகளில் புதிய ஏற்பாடு அதன் மூல மொழியிலேயே வாசிக்கப்படுகிறது.

இவ்வாரத்தில் அப்போஸ்தலர் 16 முதல் 18 வரை குடும்பமாக வாசியுங்கள். ஒரு தேசப்படத்தை விரித்து, பவுல் நடந்த வழியைப் பிள்ளைகளின் விரலால் தொடச் செய்யுங்கள். கொரிந்துவுக்கு வரும்போது, அங்கே ஓர் அப்போஸ்தலன் நம் ஊர்க்காரரைப்போல் ஊசியும் நூலுமாய் உட்கார்ந்திருந்தார் என்று சொல்லிக்கொடுங்கள்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, தூர தேசத்தாரின் மொழியில் நீர் தந்த வார்த்தையை எங்கள் தாய்மொழியில் கேட்கச் செய்தீர், உமக்கு ஸ்தோத்திரம். உழைக்கிற கைகளை ஆசீர்வதியும். உழைப்பை வாங்குகிற கைகளுக்கு நியாயத்தைக் கற்பியும். பெயரில்லாமல் மூழ்குகிறவர்களை நாங்கள் பெயர் சொல்லி அறிய எங்களுக்குக் கண்களைத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.